படிக்க வேண்டியவர் யார்? – ‘கருக்கு’ எழுப்பும் வினா

1992-ஆம் ஆண்டு வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் மொழியிலிருந்தே தொடங்குவர். ஒரு தன்வரலாற்றைச் சிற்றூரின் பேச்சுவழக்கிலேயே எழுதத் துணிந்தது பாராட்டுக்குரியதுதான். ஆயினும் அந்நூலில் நம்மை அதிகமாக உறுத்த வேண்டியது வேறொன்று. சட்டமும் கல்வியும் சேர்ந்தால் மனிதரின் மனப்போக்கு மாறிவிடும் என்று நாம் மேடைதோறும் கூறிவருகிறோமே, அந்த நம்பிக்கையை இந்நூல் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தெருவில் ஒரு காட்சியைக் காண்கிறாள். ஊர்ப் பெரியவர் ஒருவர், தின்பண்டப் பொட்டலத்தைக் கைபடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று, நிலவுடைமையாளரிடம் பணிவோடு கொடுக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் பொருளை விளக்கியதும் சிரிப்புச் சினமாகிறது. நன்றாகப் படித்து முன்னேறினால் இந்த இழிவை உதறிவிடலாம் என்று அண்ணன் அறிவுரை கூறுகிறார். சிறுமி அதை வேதவாக்காகக் கொண்டு படிக்கிறாள், முதன்மையாகவும் தேறுகிறாள்.

படிப்பு வந்தது, இழிவு போகவில்லை. அவர் கல்லூரியில் பயிலும்போது ஒருநாள், அரிசன மாணவியர் எழுந்து நிற்கும்படி வகுப்பில் அறிவிப்பு வருகிறது. அவர்களுக்கென அரசு மாலை நேரச் சிறப்பு வகுப்பு ஏற்பாடு செய்திருக்கிறதாம். இருவர் மட்டுமே எழுகின்றனர். வகுப்பு முழுவதும் முணுமுணுப்பு. அந்தச் சிறப்பு வகுப்பே தமக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு அவர் அமர்ந்துவிடுகிறார். சலுகையை வழங்கியது அரசு, வழங்கிய இடம் கல்விக்கூடம். அப்படியிருந்தும் அங்கே நிகழ்ந்தது அவமதிப்பு. அந்த அறிவிப்பைத் தனியே அழைத்துச் சொல்லலாம் என்று கற்ற ஒருவருக்குத் தோன்றவில்லை. நூலின் மிகக் கூர்மையான பகுதி இதுவே என்பது எம் கருத்து.

சட்டமோ அவரது ஊருக்குள் காவலர் தடியாகவே நுழைகிறது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950 முதல் நடைமுறையில் உள்ளது. தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1955-இலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இலும் இயற்றப்பட்டன. ஆனால் கல்லறை நிலம் குறித்து அண்டைச் சமூகத்தாரோடு எழுந்த பூசலில், காவலர் இம்மக்களின் தெருவுக்குள்தான் புகுந்து அடிக்கின்றனர். ஒளிந்திருந்த தந்தை ஒருவர் இறந்த தம் மகனின் அடக்கத்திற்குச் சேலையுடுத்தி வர நேர்ந்ததைப் படிப்பவர் எளிதில் மறக்கமாட்டார்.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்னும் தகுதியைச் சமயத்தோடு பிணைத்தது. அத்தகுதி 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டபோதும் கிறிஸ்தவர் விடுபட்டனர். இதனை எதிர்த்து நாம் குரலெழுப்புவது நியாயமே. எனினும், சில துறவற சபைகள் தலித் பெண்களை ஏற்பதில்லை என்று பாமா தம் பயிற்சிக் காலத்தில் கேட்க நேர்ந்ததே, அதற்கு எந்த அரசாணை காரணம்? ஏழைகளுக்குப் பணியாற்றவென்றே சபையில் சேர்ந்தவர், வசதி படைத்தோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் பணியாற்ற அனுப்பப்படுகிறார். ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறுகிறார். இங்கே குறுக்கே நின்றவர்கள் யாவரும் கற்றவர்கள், கற்பிப்பவர்களும்கூட.

நூலிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. அண்ணனின் அறிவுரையை அது கடைசிவரை நேராக மறுத்துரைப்பதில்லை. இழிவுக்கு உள்ளானவர் படிக்க வேண்டும் என்றால், இழிவுசெய்பவர் என்ன படிக்க வேண்டும்? பொட்டலத்தைக் கயிற்றோடு வாங்கிக்கொண்டவரின் பிள்ளைக்கு எந்தப் பள்ளி எதைக் கற்பித்தது? நிகழ்ச்சிகள் இவ்வினாவை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க, நூலாசிரியையோ தம் வேதனையிலேயே நின்றுவிடுகிறார். தன்வரலாற்றின் எல்லை அது என்று வேண்டுமானால் அமைதி கூறலாம்.

2000-ஆம் ஆண்டு லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் நெடுந்தொலைவிலுள்ள பல்கலைக்கழக மாணவரும் இந்நூலைப் பயில்கின்றனர். நம் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களிலும் துறவறப் பயிற்சி இல்லங்களிலும் இது பாடமாக வேண்டும். கல்லூரி வகுப்பறைப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.