கட்டைவிரல் அழுத்தத்தில் ஒரு பின்

1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே, மாஸே ஃபெர்குசன் டிராக்டரை நம் வயல்களுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பழைய வண்டி ஒன்றின் எஞ்சினைப் பிரித்துப் போட்டால், எல்லோர் கண்ணும் கிராங்க் மேலும் லைனர் மேலும்தான் போகும். என் கண் போவது கனெக்டிங் ராடின் மேல்முனையில் உட்கார்ந்திருக்கும் சின்ன வெண்கலப் புஷ் மேல்.

பிஸ்டன் பின் அதற்குள் முழுதாகச் சுற்றுவதில்லை. ஊஞ்சல் போல ஆடுகிறது. ஒவ்வொரு வெடிப்பின் பாரமும் ஒரே பக்கம் இறங்குவதால் துளை மெல்ல நீள்வட்டமாகிவிடும். கீறல் இருந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் பயமில்லை. தட்டி நின்றால் புஷ்ஷை மாற்ற வேண்டியதுதான். எமரித் தாளால் தேய்த்து ஒப்பேற்றுவது தப்பு: கீறலோடு அளவும் போய்விடும், தூள் வெண்கலத்தில் பதிந்து பின்னை அரிக்கும்.

புதுப் புஷ்ஷைப் பிரஸ்ஸில் இறக்கும்போது அதன் எண்ணெய்த் துளை ராடின் துளையோடு நேராகச் சேர வேண்டும். இறங்கியதும் புஷ்ஷின் உள்வாய் சற்றுச் சுருங்கும். பிறகுதான் ரீமர். கைதேர்ந்த ஃபிட்டர் அதை ஒரே திசையில், அவசரமில்லாமல் திருப்புவார். பின்னோக்கித் திருப்பினால் வெட்டுமுனை மழுங்கும். பொன்னிறத் தூள் உதிர உதிர, பின்னைச் செருகிச் செருகிப் பார்ப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

எண்ணெய் தடவிய பிஸ்டன் பின் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கி உள்ளே போனால் சரி. தன் எடையிலேயே விழுந்தால், வேறு புஷ்தான்.