சர் சி.பி.யின் கட்சிக்காரர் யார்?

1947 ஜூன் 11-ஆம் தேதி திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர், வெள்ளைக்காரர்கள் வெளியேறியதும் தம் சமஸ்தானம் தனி நாடாக நிற்கும் என்று அறிவித்தார். ஜின்னா அதை வரவேற்றுத் தந்தி கொடுத்தார். அதே மாதத்தில் கான் பகதூர் அப்துல் கரீம் சாகிப், பாகிஸ்தானுக்கான திருவிதாங்கூர்ப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். ஜூலை 25 இரவு திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத நிகழ்ச்சியில் கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் திவானை வெட்டினார். வெட்டுக் காயத்தோடு அவர் படுத்திருந்த வாரத்திலேயே மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 19-இல் சி.பி. பதவி விலகினார்.

கேரளத்தில் இந்தச் சில வாரங்களையும் அதற்கு முந்தைய வருடத்துப் புன்னப்புரை, வயலார் துப்பாக்கிச் சூட்டையும் வைத்தே அவருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டிலோ அவர் மேட்டூர் அணையையும் பைகாரா மின்திட்டத்தையும் கொடுத்த மேதை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் இருந்தவர். அங்குள்ள நூலகத்துக்கு அவர் பெயர். எங்கள் ஊர் செம்மங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து அங்கே படிக்கப் போன எங்களுக்கு அது பலகையில் இருந்த ஒரு பெயர், அவ்வளவுதான். இரண்டு தீர்ப்புமே பாதி கேஸ் கட்டைப் படித்துவிட்டு எழுதியவை என்று எனக்குத் தோன்றுகிறது. சி.பி. அடிப்படையில் வக்கீல். அட்வகேட் ஜெனரல், சட்ட உறுப்பினர், சட்ட ஆலோசகர், திவான் என்று அவர் வகித்த பதவிகள் எல்லாம் அந்தத் தொழிலிலிருந்து கிளைத்தவை. அவரை அரசு வக்கீலாக வைத்து எடைபோட்டால்தான் பெருமையும் பிழையும் ஒரே தராசில் வரும்.

அரசு வக்கீலை எப்படி எடைபோடுவது? சட்ட அறிவு, வாதத் திறமை, உழைப்பு எல்லாம் வேண்டும். ஆனால் தனியார் வக்கீலிடம் கேட்காத ஒரு கேள்வியை அவரிடம் கேட்டாக வேண்டும்: உங்கள் கட்சிக்காரர் யார்? ஆட்சியில் இருப்பவரா, அவர் யார் பெயரில் ஆள்கிறாரோ அந்த மக்களா? எங்கள் ஊரைச் சுற்றி சிப்காட் ஆலைகள். புகை, கழிவுநீர், கிணற்று நீர் என்று பல வருடமாக முறையீடு நடக்கிற பகுதி. இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. அரசுத் தரப்பில் எழுந்து நிற்பவர் வாயிலிருந்து வரும் ஒரு வரியில் ஒரு ஊரின் தண்ணீரே அடங்கியிருக்கலாம்.

சி.பி. 1879-இல் வந்தவாசியில் பிறந்தார். சட்டக் குடும்பம். 1903-இல் வக்கீலானார். பத்தே ஆண்டில் சென்னையின் முதல் வரிசையில் இருந்தார். அவர் பெயரை ஊரறியச் செய்தது ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தந்தை நாராயணய்யா, தம் இரு மகன்களையும் அன்னி பெசன்டிடமிருந்து மீட்கப் போட்ட வழக்கு. சென்னை உயர்நீதிமன்றத்தில் 1913-இல் சி.பி. ஜெயித்தார், லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. எந்த அம்மையாரை நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றாரோ, அதே அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்து அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வக்காலத்து முடிந்தால் பகையும் முடிந்தது என்பது நல்ல வக்கீலின் இயல்பு. அந்த இயல்பு அரசியலுக்குள் வந்து, எடுத்த வக்காலத்து எதுவானாலும் அதை முழு மூச்சாக நடத்துவேன் என்று ஆனபோதுதான் ஆபத்து தொடங்கியது.

1920 ஒரு நல்ல அளவுகோல். சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாக இருந்த எஸ். சீனிவாச ஐயங்கார் அந்த ஆண்டு பதவியைத் துறந்து காங்கிரசுக்குப் போனார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு அடுத்த ஆண்டு அது. பின்னர் 1926 குவாஹாத்தி காங்கிரசுக்கு அவர் தலைமை வகித்தார். அவர் விட்டுப் போன நாற்காலியில் சி.பி. உட்கார்ந்தார். ஒரே கோர்ட், ஏறத்தாழ ஒரே படிப்பு. ஒருவர் இந்தக் கட்சிக்காரருக்கு இனி வாதாட மாட்டேன் என்று வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்தார். மற்றவர் உள்ளே இருந்தே காரியம் சாதிக்கலாம் என்று வாங்கிக்கொண்டார்.

சாதிக்கவும் செய்தார். 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. மைசூரோடு காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1924 பிப்ரவரியில். அடுத்த ஆண்டு மேட்டூரில் வேலை தொடங்கியது. 1934-இல் அணை முடிந்தது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து தண்ணீர் வாங்கும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்துக் கடைமடை விவசாயி இன்றைக்கும் ஜூன் மாதம் மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் விசாரிக்கிறார். அந்த ஒப்பந்தத்தின் குறைகள் ஐம்பது ஆண்டு கழித்து வெடித்தது வேறு கதை. தீர்மானம் போட்டு ஒதுங்கியிருந்தால் இந்த அணைக்குக் கிடைத்த வேகம் கிடைத்திருக்காது. சீனிவாச ஐயங்காரின் துறவு எனக்கு உயர்வானது. அதற்காக மேட்டூரைச் சிறிதாக்க மாட்டேன்.

1931-இல் திருவிதாங்கூர் அவரைச் சட்ட ஆலோசகராக அழைத்தது. 1936 அக்டோபரில் திவானானார். ஒரு மாதம் சற்றே கடந்ததும், நவம்பர் 12-இல், ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதை எழுத்தெழுத்தாகப் படித்தால் கை தேர்ந்த சட்ட வரைவாளரின் வேலை தெரியும். பிறப்பாலோ சமயத்தாலோ இந்துவான எவருக்கும் இனிமேல் தடை கிடையாது. ஆனால் மகாராஜாவின், அவர் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களில். ஆசாரம் காக்க விதிக்கப்படும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு. கதவைத் திறந்துவிட்டு, தனியார் கோயில்களைத் தொடாமல், சடங்கு உரிமையைப் பேசாமல் விட்ட வரைவு அது. எதிர்த்து நின்றவர்களுக்குப் பிடி கொடுக்கவில்லை. உள்ளே போகக் காத்திருந்தவர்களுக்கு அன்றே வழி கிடைத்தது. வைக்கம் போராட்டமும், மதம் மாறிவிடுவோம் என்று எழுந்த ஈழவர் குரலும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனாலும் அந்த அழுத்தத்தைச் சரியாக வாசித்து, இருபத்து நான்கு வயது மன்னர் கையெழுத்திடத் தக்க வாசகமாக்கியதில் திவானின் பங்கு பெரியது. அவர் வாழ்க்கையில் ஆள்பவரின் நலனும் மக்களின் நலனும் ஒரே காகிதத்தில் சேர்ந்த தருணம் இது. சி.பி.யின் உச்சமும் இதுவே என்பேன்.

தொடர்ந்து பல்கலைக்கழகம், அரசுப் போக்குவரத்து, ஆலுவாய் உரத் தொழிற்சாலை, 1944-இல் மரண தண்டனை ஒழிப்பு என்று பட்டியல் நீளும். அவர் ஆதரவாளர்கள் இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். பக்கத்தில் இன்னொரு பட்டியல் இருக்கிறது.

1938-இல் பட்டம் தாணு பிள்ளை, டி.எம். வர்கீஸ் போன்றோர் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசைத் தொடங்கினார்கள், பொறுப்பாட்சி கேட்டார்கள், திவான்மீது குற்றச்சாட்டு மனு கொடுத்தார்கள். இயக்கம் தடை செய்யப்பட்டது. நெய்யாற்றின்கரையில் சுட்டார்கள். மலையாள மனோரமா பத்திரிகை மூடி முத்திரையிடப்பட்டது. 1947 வரை திறக்கவில்லை. 1938-இலேயே திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியும் விழுந்தது. அதன் தலைவர்களில் ஒருவரும் மனோரமா ஆசிரியருமான மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார். வங்கிக் கணக்கில் குறை இருந்ததா என்பது தனி விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது, திவான்மீது பிராது கொடுத்தவர்கள் அந்தப் பிராதை எடுத்துச் செல்ல திவானையும் மன்னரையும் விட்டால் வேறு இடமில்லாமல் போனது. சட்டத்தை வரைபவர், போலீசை நடத்துபவர், மன்னரின் காதுக்கு அருகில் நிற்பவர் மூவரும் ஒரே ஆள். மாட்டேன் என்று சொல்ல வேண்டிய வக்கீலும், மாட்டேன் என்று சொல்லக் கேட்க வேண்டிய கட்சிக்காரரும் ஒருவராகவே ஆகிவிட்டார்.

இதன் விளைவு 1946-இல் தெரிந்தது. வயது வந்தோர் வாக்குரிமையில் சட்டசபை, ஆனால் அந்தச் சபையால் அகற்ற முடியாத திவான் என்று ஓர் அரசியலமைப்பை சி.பி. முன்வைத்தார். அமெரிக்க ஜனாதிபதி முறைதானே இது என்று வாதிட்டார். அமெரிக்காவில் ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே திவானை மன்னர் நியமிக்கிறார். ஒரு ஜூனியர் வக்கீல்கூடப் பிடித்துவிடக்கூடிய ஓட்டை இது. சி.பி.க்குத் தெரியாமல் இருந்திருக்காது. அமெரிக்கன் மாடலை அரபிக்கடலில் எறி என்று ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர்கள் முழங்கினார்கள். அக்டோபர் கடைசியில் புன்னப்புரையிலும் வயலாரிலும் ராணுவமும் போலீசும் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். எண்ணிக்கை பற்றி இன்றும் தகராறு உண்டு. பொறுப்பு பற்றி எனக்குத் தகராறு இல்லை: ராணுவச் சட்டம் பிறப்பித்த ஆட்சிக்கு அவர் தலைவர். உரத் தொழிற்சாலையையும் மரண தண்டனை ஒழிப்பையும் எத்தனை முறை எடுத்து வைத்தாலும் வயலார் எடை குறையாது.

இனி 1947. சட்டப்படி சி.பி. சொன்னதை உடைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைப் பேச வேண்டும். 1946 மே 12 தேதியிட்ட பிரிட்டிஷ் குறிப்பு, மேலாதிக்கம் யாருக்கும் கைமாறாது, காலாவதியாகும் என்றது. இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும் அதையே சொன்னது. மேலாதிக்கம் போனால் சமஸ்தானம் பழைய உரிமையோடு நிற்கும் என்ற வாதத்தில் தர்க்கப் பிழை இல்லை. பர்மா அரிசி நின்றுபோன பிறகு பற்றாக்குறையில் தவித்த சமஸ்தானம் உணவுக்காகப் பாகிஸ்தான் உட்படப் பல பக்கமும் பார்த்தது என்ற சமாதானத்தையும் முழுக்கத் தள்ள முடியாது. ஆனால் வாதம் வென்றாலும் வாதி யார்? 1941 கணக்குப்படி திருவிதாங்கூரில் அறுபது லட்சம் பேர். ஒருவரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. அவர்களுடைய தலைவர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களைத் திவானின் போலீஸ் பிடித்தது. பத்மநாபசுவாமியின் பெயரால் மன்னர், மன்னரின் பெயரால் திவான், மக்களின் பெயரால் எவரும் இல்லை. வக்காலத்தில் கட்சிக்காரரின் கையெழுத்தே இல்லாத வழக்கு அது.

ஆள்பவரை மட்டுமே கட்சிக்காரராகக் கொள்ளும் இந்த நோயின் முற்றிய வடிவம் பாகிஸ்தானைப் பார்த்தால் தெரியும். இளவயதில் ஜின்னாவிடம் செயலராக இருந்த ஷரீபுத்தீன் பிர்சாதா, அயூப் கானிலிருந்து முஷாரஃப் வரை ராணுவ ஆட்சியாளர்களுக்குச் சட்ட உடை தைத்துக் கொடுத்தார். 1977-இல் ஜியா உல் ஹக்கின் ஆட்சிக்கு உச்ச நீதிமன்றம் அவசியக் கோட்பாட்டின் பேரில் ஒப்புதல் தந்தபோது அட்டர்னி ஜெனரல் அவர்தான். நாமும் பெருமைப்பட முடியாது. நெருக்கடி நிலையில் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே, ஒரு போலீஸ்காரர் தனிப் பகையால் யாரையாவது கொன்றாலும் கோர்ட்டில் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டதற்கு, நெருக்கடி இருக்கும்வரை இல்லை என்றே பதில் சொன்னார். 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் அதை ஏற்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார்.

பிர்சாதாவோடு சி.பி.யை ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம். பிர்சாதா ஜனநாயகத்தைக் கவிழ்த்தவர்களுக்கு வாதாடினார், சி.பி.க்குக் கவிழ்க்க அங்கே ஜனநாயகமே இல்லை, அவர் அது வராமல் பார்த்துக்கொண்டார். மேட்டூர், ஆலயப் பிரவேசம் போல மக்கள் கையில் தங்கிய ஒன்றை பிர்சாதா விட்டுச் சென்றதாக நான் கருதவில்லை. ஆனால் சீனிவாச ஐயங்காருக்கும் கன்னாவுக்கும் அருகிலும் சி.பி.யை வைக்க முடியாது. உச்சத்தில் இருந்த யாருக்கும் அவர் நிலைத்து நின்று மறுப்புச் சொன்னதாகத் தெரியும் ஓர் இடத்தையும், இந்த நீண்ட வாழ்க்கையில் நான் காணவில்லை.

என் தீர்ப்பை உறுதிப்படுத்துவது 1947 அல்ல, அதற்குப் பதினைந்து ஆண்டு பிந்தைய ஒரு வேலை. தேசிய ஒருமைப்பாட்டுக் குழு, பிரிவினையைத் தடுப்பது பற்றிப் பரிந்துரைக்க ஒரு கமிட்டி போட்டது. அதற்குத் தலைவர் சி.பி. திராவிட நாடு கோரிக்கை உயிரோடு இருந்த நேரம் அது. கமிட்டியின் பரிந்துரையைத் தொடர்ந்து 1963-இல் அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம் வந்தது. இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று தேர்தல் வேட்பாளர் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அண்ணாவின் திமுக தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. சி.பி. மனம் மாறினார், நாட்டுப்பற்று வந்தது என்று அவர் கமிட்டி வேலையை விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. 1947-இல் பிரிவதற்கான சட்டத்தைக் கட்டியவர், 1962-இல் பிரிவதற்கு எதிரான சட்டத்துக்கு வழி செய்தார். இரண்டு தடவையும் ஆள்பவர் கொடுத்த வக்காலத்தை ஏற்று, அதைத் தம்மால் முடிந்த அளவு சிறப்பாகச் செய்தார். 1966 செப்டம்பரில் லண்டனில் இறக்கும்வரை அவருடைய திறமையை யாரும் சந்தேகிக்கவில்லை, நானும் சந்தேகிக்கவில்லை. மேட்டூருக்கும் 1936 பிரகடனத்துக்கும் அவருக்குரிய நன்றியைக் குறைக்காமல் கொடுப்போம். வயலாருக்கும், மூடப்பட்ட பத்திரிகைக்கும், கேட்கப்படாத அறுபது லட்சம் பேருக்கும் அவர்மீதான குற்றச்சாட்டு நிரூபணமாகிறது.