கிழுறு: ஒரு பட்டப்பெயர் ஆட்பெயரான கதை

தமிழ் முஸ்லிம்களிடையே அரிதாகக் காதில் விழும் பெயர் கிழுறு முகம்மது. கிள்று, ஹிழ்ர் என்றும் எழுதுவார்கள். உருது பேசுவோருக்கு அது கிஸ்ர்; துருக்கியருக்கு ஹிஸிர். இந்தப் பெயருக்கு உரியவர் திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில், 60 முதல் 82 வரையுள்ள வசனங்களில் வருகிறார். மூஸா நபி அறிவு தேடி அவரைப் பின்தொடர்கிறார். படகு சேதப்படுத்தப்படுகிறது, சிறுவன் கொல்லப்படுகிறான், சாயவிருந்த சுவர் நிமிர்த்தப்படுகிறது. மூன்றுக்கும் காரணம் கடைசியில்தான் தெரிகிறது. ஆனால் இவ்வளவு சொல்லும் வேதம் அவர் பெயரைச் சொல்வதில்லை. இறையடியார் ஒருவர் என்று குறிப்பிடுவதோடு சரி. ஆகவே பெயரின் பிறப்பை வேதத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

அது நபிமொழிகளான ஹதீஸில் கிடைக்கிறது. அவர் வெண்மையான வறண்ட நிலத்தில் அமர்ந்ததும் அது பசுமையாகி அசைந்தது, அதனால் அப்பெயர் வந்தது என்று நபித்தோழர் அபூஹுரைரா வழியாக ஹதீஸ் தொகுப்பாளர் புகாரி பதிவு செய்திருக்கிறார். பசுமை என்பதற்கான அரபு வேர்ச்சொல்லே இங்கே பெயராகிறது. அதே வேரிலிருந்து வரும் சொல் குர்ஆனின் 6ஆம் அத்தியாயத்தில் மழைக்குப் பின் துளிர்க்கும் பயிரைக் குறிக்கிறது. ஆக, இது பெற்றோர் இட்ட பெயரன்று, லகப் எனப்படும் பட்டப்பெயர். குர்ஆன் விரிவுரையாளர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். அவருடைய இயற்பெயர் பல்யா இப்னு மல்கான் என்று சிலர் தனியாகக் குறித்தது அதனால்தான். அந்தப் பட்டம் காலப்போக்கில் பிள்ளைகளுக்கு இடும் பெயரானது. 1414இல் தில்லியில் சையிது மரபைத் தொடங்கியவர் கிஸ்ர் கான். ஐரோப்பியர் பார்பரோசா என்றழைத்த உதுமானியக் கடற்படைத் தலைவர் ஹைருத்தீன் பாஷாவின் இயற்பெயரும் ஹிஸிர்தான்.

மேற்கத்திய ஆய்வாளர் சிலர் இந்தப் பசுமை விளக்கத்தை ஏற்கவில்லை. மெசபொத்தேமிய வெள்ளக்கதை நாயகனின் பட்டமான அத்ரஹாஸிஸ் திரிந்தே இப்பெயர் வந்தது என்றார்கள். உப்பிட்ட மீன் உயிர்பெறும் அலெக்ஸாண்டர் கதையையும், எலியா தீர்க்கதரிசியோடு பயணம் செய்த யூத ரப்பியின் கதையையும் மூலங்களாகக் காட்டினார்கள். கதைக்கூறுகள் நாடுவிட்டு நாடு போவது உண்மை. மூஸாவின் பயணத்திலும் ஒரு மீன் வருவதால், அந்த ஒற்றுமையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் எலியா கதையின் எழுத்து வடிவம் நமக்குக் கிடைப்பது 11ஆம் நூற்றாண்டில், கைரவானைச் சேர்ந்த நிஸ்ஸீம் என்ற ரப்பியின் அரபு நூலில். குர்ஆனுக்கு நான்கு நூற்றாண்டு பிந்தியது அது. யார் யாரிடமிருந்து பெற்றார் என்ற கேள்வியை அப்படியே திருப்பிக் கேட்கலாம். அதைவிடப் பெரிய குறை, கதையின் வரலாற்றையும் பெயரின் வரலாற்றையும் ஒன்றாகக் குழப்புவது. கதை எங்கிருந்து வந்திருந்தாலும் பெயர் தெளிந்த அரபுச் சொல். தன் மொழியிலேயே பொருள் விளங்கி நிற்கும் ஒரு சொல்லுக்கு, ஓரளவு ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக வேற்று வேரைத் தேடுவது வலிந்த முயற்சி. பசுமை விளக்கம் பெயருக்குப் பின்னால் கட்டிய கதையாக இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம், அப்போதும் வேர் அரபுதான்.

தமிழ் வடிவம் இன்னொன்றையும் காட்டுகிறது. மூலச்சொல்லின் நடுவிலுள்ள ளாத் என்ற அரபு எழுத்தைப் பாரசீகமும் உருதுவும் ஸகரமாக ஒலிக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் ளகரமாகவோ ழகரமாகவோ சொல்கிறார்கள். உருதுவில் வுஸூ, தமிழில் ஒளு. அங்கே ஃபர்ஸ், இங்கே பர்ளு. காஸி இங்கே காழி. கிழுறுவும் இந்த வரிசைதான். தில்லி வழியாகப் பாரசீக உச்சரிப்போடு வந்திருந்தால் அது கிஸ்ர் என்றே நிலைத்திருக்கும். சோழமண்டலக் கரைக்கு அரபு வணிகரும் மார்க்க அறிஞரும் கடல்வழியே கொண்டுவந்த உச்சரிப்பு இதில் தங்கியிருக்கிறது. ரம்ஜான் என்பதும் தமிழில் வழங்குகிறதே என்று கேட்கலாம். அது உருதுவின் செல்வாக்கால் வந்தது. பக்கத்திலேயே ரமலான், ரமளான் என்ற வடிவங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மெய்யெழுத்துகள் நெருங்கி நிற்கும் இடத்தில் உகரம் சேர்ப்பதும் தமிழின் வழக்கமே. பர்ளு, சுபுஹு போல கிழுறு. ஆகவே பள்ளிச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் இப்பெயரைக் கொச்சை என்று கருதி கிஸ்ர் என மாற்றுவது திருத்தமாகாது. பிள்ளைக்கு இப்பெயர் சூட்டுவோர் கிழுறு என்றே தயங்காமல் எழுதலாம்.