எந்தப் பண்டத்துக்கு எந்தத் தேத்தண்ணி?

பிரெஞ்சு தேசத்தார் வீட்டுக்கு விருந்தினரை அழைத்தால், மீனுக்கு வெள்ளை வைன், மாட்டிறைச்சிக்குச் சிவப்பு வைன் என்று பண்டமறிந்து பானம் வைப்பார்கள்; அதனை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாஸ்திரத்தை அப்படியே நம்முடைய கரையோரத்துக்குக் கொண்டுவர இயலாது. தம்பிலுவிலிலிருந்து வடக்கே அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் குடியிருந்து, வயலிலும் சந்தையிலும் நாள்தோறும் முகம் பார்த்துப் பழகுகின்ற இந்த நாட்டில், கலியாணத்துக்கோ வீடு குடிபுகுவதற்கோ அயலூர் நண்பர்களை அழைக்கின்ற எவரும், அவர்களுடைய மார்க்கம் விலக்கிய ஒன்றை அவர்கள் எதிரில் வைக்கத் துணியார். தமிழ் வீடுகளிலுந்தான் பெரியவர்கள் கூடியிருக்கும் சபையில் போத்தல் திறப்பது மரியாதையென்று யாரும் கருதுவதில்லை. ஆயினும் பண்டத்துக்கும் பானத்துக்கும் பொருத்தம் பார்க்கின்ற ரசனை நமக்கு வேண்டாததன்று. அதைப் பழகிக்கொள்வதற்கு, வைனுக்குத் தகுதியிற் சிறிதும் தாழாத பானம் ஒன்று, "இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று நாம் தினமும் சொல்லி, ஒருநாளும் யோசித்துப் பாராமலே விருந்தினர் கையிற் கொடுத்துவிடுகின்ற அந்தப் பானம், நம்முடைய அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது.

யோசித்துப் பாராமல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முறுக்குத் தின்பவருக்கும் பிரியாணி உண்டவருக்கும் வட்டிலப்பம் சுவைப்பவருக்கும் ஒரே கேத்தலிலிருந்து, ஒரே கடுஞ்சாயத்தில், ஒரே பால்மாவும் ஒரே சீனியும் கலக்கி ஊற்றிவிட்டு உபசாரம் முடிந்ததென்று நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். தேயிலை எந்த மலையில் விளைந்தது, எந்த மாதத்திற் கிள்ளப்பட்டது என்று கேட்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

சிவப்பு வைனுக்கும் தேயிலைக்கும் பொதுவாக உள்ள குணம் துவர்ப்பு. அறுசுவையில் நாம் அதிகம் பாராட்டாத சுவை அது. துவர்ப்பைத் தருகின்ற பொருள்கள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதனால், வாயின் வழுவழுப்பு நீங்கி நாக்குச் சிறிது வரளுகிறது. நெய்யோ தேங்காய்ப்பாலோ படிந்து மந்தமாகியிருக்கும் நாக்கை அது துலக்கிவிட, அடுத்த கவளம் முதற் கவளத்தைப்போலவே ருசிக்கிறது. கொழுத்த இறைச்சிக்குச் சிவப்பு வைனை வைப்பதன் இரகசியம் பெரும்பாலும் இவ்வளவே. பால் ஊற்றினாலோ, பாலின் புரதம் அந்தத் துவர்ப்பை முன்னதாகவே தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. ஆகவே பால் தேத்தண்ணி மிருதுவாயிருக்குமேயன்றி நாக்கைத் துலக்கும் வேலையைச் செய்யாது. விருந்தில் பால் சேர்ப்பதா, வெறுஞ்சாயமா என்ற கேள்விக்கு விடை, எதிரே இருக்கும் பண்டத்தைப் பொறுத்தது.

அடுத்தது நிலம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வியாபாரப் பயிராக்கியதும், இரண்டு வருஷங்களில் கோப்பிச் செடிகளை நோய் பற்றி, நாளடைவில் அவற்றின் இடத்தையெல்லாம் தேயிலையே பிடித்துக்கொண்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சரித்திரம். ரசிகர் அறிய வேண்டியது உயரத்தின் கணக்கு. 2,000 அடிக்குக் கீழே உறுகுணை, சப்பிரகமுவ பக்கத்தில் விளைவது தாழ்நிலத் தேயிலை: கரிய இலை, செறிந்த நிறம், கனத்த சுவை. 4,000 அடிக்கு மேலே விளைவது மலைநிலத் தேயிலை: நிறம் குறைவு, வாசனை மிகுதி. நுவரெலியாவின் தேயிலை 6,000 அடி உயரத்தில், பொன்னிறமாய், பூவின் மணம் லேசாகத் தோன்ற வருவது. திம்புள்ளத் தேயிலைக்குத் தைமுதல் பங்குனிவரை நல்ல பருவம், நடுத்தரமான கனமும் தெளிவும் அதன் இலட்சணங்கள். கண்டிப் பக்கத்துத் தேயிலை தாழ்நிலத்துக்கும் மலைநிலத்துக்கும் இடையிலே நிற்கும்.

ஊவாத் தேயிலையைப்பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதனோடு நமக்குக் காற்றுவழி உறவு ஒன்று இருக்கிறது. வைகாசியிலே தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயிலிற் சடங்கு நடந்து குளிர்த்தி பாடி முடிந்த பின்னர், மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கி, வயலை வெடிக்கச் செய்து, உதட்டை உலர்த்தி, கொடியிற் போட்ட சீலையைப் போட்ட கையோடு காய வைத்துவிடுகிறதே, அந்தக் காற்றுத்தான் தென்மேற்குப் பருவமழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, ஈரமிழந்து, பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைச் சரிவுகளின் வழியாக நம்மிடம் இறங்கி வருகிறது. நம்மை வாட்டுவதற்கு முன் அது அங்கே தேயிலைக் கொழுந்தை வாட்டுகிறது. ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் அவ்வாறு வாடி நின்ற கொழுந்திலே, மூட்டுநோவுக்குத் தேய்க்கும் தைலத்தை நினைவூட்டுகின்ற, குளிர்ந்து மூக்கில் ஏறுகின்ற ஓர் அபூர்வ வாசனை திரண்டு நிற்கும். உலகத்துத் தேயிலை வியாபாரிகள் ஊவாவை விலை கொடுத்துத் தேடுவது அந்த ஒரு குணத்துக்காக. கச்சானைத் திட்டாத ஆள் நம்மூரில் இல்லை. அதனால் விளைந்த நன்மையையும் ஒரு கோப்பையிலே ருசி பார்ப்பது நியாயந்தானே!

இனிப் பக்குவம். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. 2004ஆம் ஆண்டுக் கடல்கோளுக்குப் பின்னர் நல்ல கிணறுகளும் சில கெட்டன. உவர்நீரில் எந்த மலைத் தேயிலையும் மங்கிப்போகும், மேலே ஆடையும் படியும். விருந்தன்று மாத்திரமாவது வடிகட்டிய நீரையோ உவரில்லாத உட்பகுதிக் கிணற்று நீரையோ வைத்துக்கொள்ளுங்கள். நீர் தளதளவென்று கொதித்தவுடன், கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலையின்மேல் ஊற்றி மூடிவிட வேண்டும். நுவரெலியாவுக்கு 3 நிமிஷம், ஊவாவுக்கும் திம்புள்ளவுக்கும் 4, தாழ்நிலத்துக்கு 5. அதன்பின் இலையை வடித்துவிட வேண்டுமேயல்லாமல், அடுப்பிலேயே இருத்திக் காய்ச்சக்கூடாது. இன்னொன்று: தேயிலை அயல் வாசனையை உடனே இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. கருவாட்டுப் பெட்டிக்கும் மசாலாத் தூளுக்கும் பக்கத்தில் வாய் மூடாமல் வைத்த பேணியிலிருந்து ஊவாவின் வாசனையை எதிர்பார்ப்பது வீண்.

சுவைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. உட்புறம் வெள்ளையான கோப்பையில் ஊற்றினால், நிறத்தையும் விளிம்பிலே தோன்றும் ஒளி வளையத்தையும் பார்க்கலாம். வடித்த ஈர இலையை மூக்கருகே கொண்டுபோனால் வாசனையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். பிறகு காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். கொழும்பிலே தேயிலை சுவைத்து விலை மதிக்கும் பெரிய உத்தியோகத்தர்களும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்களாகையால், நம்முடைய பெரியப்பாமார் உறிஞ்சும்போது பிள்ளைகள் முகஞ்சுளிக்க நியாயமில்லை.

இனி விருந்துக்கு வருவோம். விருந்தினர் வந்து அமர்ந்ததும், வறுத்த கஜுவோடு நுவரெலியாவை வெறுஞ்சாயமாகக் கொடுங்கள்; கஜுவின் எண்ணெய்ப்பசையை அந்த மெல்லிய துவர்ப்பு அழகாக ஏந்திக்கொள்ளும். கோப்பையிற் சீனி கலக்காமல், உள்ளங்கையில் வைத்த சக்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கின்ற நம் பழைய வழக்கம் மிகவும் புத்திசாலித்தனமானது: இனிப்பு வேறாகவும் வாசனை வேறாகவும் நாக்கிற் படுகின்றன. நோன்பு துறக்கும் வேளையில் பேரீச்சம்பழத்தோடு வெறுஞ்சாயம் அருந்துகின்ற முஸ்லிம் வீடுகளும் இந்த நுட்பத்தைக் கண்டவைதான்.

சோறும் நண்டுக் கறியும் மீன் புளியாணமும் பரிமாறும்போது தேத்தண்ணியை எடுத்து அப்பால் வைத்துவிடுங்கள். மிளகாயின் எரிவைச் சூடும் துவர்ப்பும் சேர்ந்து இரட்டிப்பாக்கும். வைன் அறிந்தவர்களும் காரமான கறிக்குக் கடுந்துவர்ப்புள்ள சிவப்பு வைனை வைப்பதில்லை. அங்கே தண்ணீரே பானம். பிரியாணியோ நெய்ச்சோறும் மாட்டிறைச்சியுமோ உண்டு கை கழுவிய பிறகு வருவதுதான் தாழ்நிலத் தேயிலையின் நேரம்: இஞ்சித் துண்டொன்றைத் தட்டிப்போட்டு, கரிய சிவப்பாக, சிறு கோப்பையில், பால் இல்லாமல். நெய்யின் மந்தத்தை அது போக்கிவிடும்.

வட்டிலப்பத்துக்கு வரும்போது வைன்காரர்களுடைய விதி தலைகீழாகிறது. இனிப்புப் பண்டத்தைவிட வைன் இன்னும் இனிப்பாயிருக்க வேண்டும், இல்லாவிடில் வைன் புளித்துப் போனதாகத் தோன்றும் என்பது அவர்கள் விதி. நமக்கோ, முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சேர்ந்து திரண்ட வட்டிலப்பத்துக்குச் சீனி ஒரு துளியும் இல்லாத ஊவாவே உத்தமம். ஒரு கரண்டி வட்டிலப்பம், ஒரு மிடறு ஊவா என்று மாறி மாறி உண்டு பாருங்கள்: ஏலத்தின் மணமும் மலைக்காற்றின் மணமும் ஒன்றையொன்று மறைக்காமல் இரண்டும் தனித்தனியே தெரியும். தொதலுக்கும் மஸ்கற்றுக்கும் திம்புள்ள போதும். பல்லில் ஒட்டும் எண்ணெயைச் சூடு இளக்கும், மற்றதைத் துவர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

பால் தேத்தண்ணியை நான் பகிஷ்கரிக்கச் சொல்லவில்லை. பிஸ்கற், பணிஸ், காய்ந்த முறுக்கு முதலிய வறண்ட பண்டங்களுக்கு அதுவே பொருத்தம். தாழ்நிலத்துத் தூள்தான் பாலைத் தாங்கும், நுவரெலியாவிற் பால் ஊற்றுவது பணவிரயம். எருமைத் தயிருக்கு மட்டும் நான் எந்தப் பானத்தையும் சிபாரிசு செய்யமாட்டேன். கட்டித் தயிரும் பாணியும் சேர்ந்த பின்னர் நாக்கிலே வேறெதற்கும் இடமிருப்பதில்லை. ஆகவே தயிர்ச் சட்டியைக் கடைசியில் கொண்டுவாருங்கள். இரத்தச் சோகையுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சபையில் இருந்தால், சாப்பாட்டுக்கும் சாயத்துக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள், தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். இவ்வளவையும் ஆயத்தம் செய்து வைத்திருக்கும்போது, "எனக்கு எப்பவும்போல பால் ஊத்தி, மூணு கரண்டி சீனியும் போட்டுத் தாங்க மகள்" என்று ஒரு மாமா கேட்பார். அவருக்கு ஊவாவின் மகிமையை விளக்கிக்கொண்டிராமல், கேட்டபடியே கொடுத்துவிடுங்கள்.