கீறலுக்குள் ஒரு தாளம்

ஊசி பதிந்திருக்கும் இசைத்தட்டை விரல் நுனியால் முன்னும் பின்னும் தள்ளினால் எழுவது பாட்டல்ல, ஒரு கீறல். தட்டு வைத்திருந்த வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டாலே பெரியவர்கள் பதறி ஓடி வருவார்கள். அதையே கலையாக்கியது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி.

1970களின் நடுவில், கிராண்ட் விசார்ட் தியடோர் என்ற சிறுவன் அறையில் பாட்டைச் சத்தமாக ஓடவிட்டிருந்தான். அம்மா வந்து கண்டிக்க, அவர் பேசுவதைக் கேட்கத் தட்டைக் கையால் பிடித்துக்கொண்டான். பிடித்த கை லேசாக அசைந்தது. அந்த அசைவில் பிறந்த ஒலியை அவன் விடவில்லை. மாதக்கணக்கில் பழகிய பிறகே ஊர் முன் வாசித்துக் காட்டினான்.

உலகம் அதைக் கேட்டது 1983இல். ஜாஸ் மேதை ஹெர்பி ஹான்காக்கின் 'ராக்கிட்' பாடலில் கிராண்ட்மிக்சர் டி.எஸ்.டி. என்ற டிஜே இசைத்தட்டையே வாத்தியமாக்கினார். ஃபேப் ஃபைவ் ஃபிரெடியின் 'சேஞ்ச் த பீட்' தட்டின் மறுபக்க முடிவில் ஒரு எந்திரக்குரல் பேசும். அதன் ஒற்றைச் சொல்லைத்தான் அவர் அரைத்து, நறுக்கி, தாளமாக்கினார். கூர்ந்து கேட்டால் அது மிருதங்கக்காரரின் விரல் வேலைக்கு நெருங்கிய சங்கதி: ஒரு கை தட்டை உருட்ட, மறு கை மிக்சரின் குமிழைத் தள்ளி ஒலியைத் திறந்து மூடுகிறது. தட்டு வழுக்க அடியில் கம்பளித் துணி; கையை எடுத்ததும் உடனே வேகம் பிடிக்க டெக்னிக்ஸ் 1200 சுழல்மேசையின் நேரடி மோட்டார்.

அந்தப் பாடலுக்கு கிராமி விருதும் கிடைத்தது. 1984 விருது மேடையில் ஹான்காக்கின் விசைப்பலகையோடு டி.எஸ்.டி.யின் சுழல்மேசையும் நின்றது.