மிச்சப் பிரதி, சிறப்புப் பிரதி

தள்ளுபடியில் புத்தகம் வாங்குவது குறித்து நம்மிடையே விமர்சனம் என்று ஒன்றும் கிடையாது. பெருமிதம்தான் இருக்கிறது. "என்ன வாசிச்சே?" என்பதை "எவ்வளவுக்கு வாங்கினே?" முந்திக்கொண்டு வெகுநாளாகிறது. வெளிநாட்டில் பிழைக்கிற நம் பக்கத்து ஆட்களிடம் இது இன்னும் கூடுதல். 2018இல் துபாயில் 'பிக் பேட் வுல்ஃப்' மலிவு விற்பனை முதன்முறை நடந்தபோது அங்கே வேலைபார்த்த வத்தலக்குண்டு நண்பர் ஒருவர் போனில் சொன்னார்: "தள்ளுவண்டியில அள்ளிப்போட்டுட்டு வர்றாங்கய்யா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி அள்ளுற மாதிரி." அவர் அள்ளியது இருபது சொச்சம் ஆங்கிலப் புத்தகம். ஊரிலிருந்து மூன்று தமிழ் நாவல் வரவழைத்ததில் புத்தக விலையைத் தபால் செலவு தாண்டிவிட்டதாகவும் அதே மூச்சில் சொன்னார். அவருக்கு இவை இரண்டு தனித்தனிச் சேதிகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தக்காளி உவமை அவர் நினைத்ததைவிடப் பொருத்தமானது. 2009இல் மலேசியாவில் ஒரு புத்தகக்கடைத் தம்பதி தொடங்கிய விற்பனை இது. பிறகு ஜகார்த்தா, பாங்காக், துபாய் என்று ஊர் ஊராகப் போனது. 50 சதவீதம், 80 சதவீதம் என்று விலையைக் குறைக்க எப்படி முடிகிறது? அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்பகங்கள் விற்கக்கூடியதைவிடக் கூடுதலாக அச்சிடுகின்றன. கடைக்காரர் விற்காததைத் திருப்பியனுப்பலாம் என்பது அங்கே வியாபார விதி. திரும்பிவந்தது கூழாக வேண்டும், இல்லையென்றால் மொத்தமாக அடிமாட்டு விலைக்குப் போக வேண்டும். அப்படிப் போனதில் எழுதியவருக்குக் கிடைப்பது சொற்பம், பல ஒப்பந்தங்களில் ஒன்றுமேயில்லை. மையத்தில் கழிந்த உபரி விளிம்பில் திருவிழாவாகிறது. ஒட்டன்சத்திரத்தில் விலை விழுந்தால் சம்சாரி தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிறான். அது நஷ்டம் என்று பார்க்கிறவனுக்கெல்லாம் தெரியும். புத்தகத்தில் மட்டும் அந்த நஷ்டம் வாங்குகிறவனின் அதிர்ஷ்டமாக வேஷம் கட்டிக்கொள்கிறது.

இதற்காக நண்பர் வாங்கியிருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. முழுவிலைக்கு அந்தப் புத்தகங்களை அவர் தொட்டிருக்கவே முடியாது. மலிவு என்பது வாசகனின் உரிமை என்றே நினைக்கிறேன். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டனுப்பிய தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சில ரூபாய்க்குக் கிடைத்திராவிட்டால், இந்தப் பக்கத்துச் சிறுநகரங்களில் ரஷ்ய இலக்கியம் என்ற பேச்சே எழுந்திருக்காது. நா. தர்மராஜன், பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் அங்கேயே குடியிருந்து மொழிபெயர்த்தார்கள். விலையின் பாக்கியை ஒரு அரசு ஏற்றுக்கொண்டது. அது பிரச்சாரம்தான், யார் இல்லையென்றது! 1991இல் அந்த அரசு போனது, மலிவும் போனது. ஆக மலிவு எதுவானாலும் மிச்சத்தை யாரோ கொடுக்கிறார்கள். கேட்க வேண்டியது யார் என்பதைத்தான்.

தமிழ்ப் புத்தகத்தில் கொடுப்பது யார்? இங்கே உபரி என்பதே இல்லை. 300 பிரதி அச்சிட்டு அதையே மூன்று வருஷம் விற்கிற இடத்தில் எது மிஞ்சும்? இப்போது தேவைக்கு அச்சிடும் முறை வந்தபின் 50, 100 என்று அடிக்கிறார்கள். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி 10 சதவீதத் தள்ளுபடியை ஒரு பழக்கமாக்கியது. வாசகனுக்கு மறுக்காமல் தரப்படும் இந்த 10 சதவீதமும், எழுதினவனுக்கு "பார்த்துக்கலாம் சார்" என்று தள்ளிப்போடப்படும் ராயல்டி 10 சதவீதமும் ஒரே எண் என்பது தற்செயலாக இருக்கலாம். 1981இல் பிரான்ஸ் சட்டம் போட்டு, புதுப் புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்குமேல் தள்ளுபடி கூடாது என்றது. சின்னக் கடைகள் பிழைக்க வேண்டும் என்பது காரணம். பிரிட்டனிலோ பதிப்பாளர்கள் தங்களுக்குள் காத்துவந்த நிலைத்த விலை ஒப்பந்தம் 1990களில் உடைந்தது. நாம் இந்த விவாதத்துக்குள் நுழையவேயில்லை.

வெளிநாட்டுத் தமிழரிடம் இதற்கு நேர் எதிரான வழக்கமும் ஒன்று உண்டு. மலேசியாவில், ஈழத்தவர் வாழும் ஊர்களில், புத்தக வெளியீட்டில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடையேறி வாங்குவார்கள். கவருக்குள் விலையைப்போலப் பல மடங்கு இருக்கும். மொய்தான். எழுதியவருக்கு அச்சுக்கூலி திரும்புகிறது, சரி. ஆனால் அங்கே வாங்கப்படுவது கௌரவம். பிரதி வீட்டுக்குப் போய் அலமாரியில் படுத்துக்கொள்கிறது. மலிவுக் கூடத்தில் மிச்சப் பிரதி, மேடையில் சிறப்புப் பிரதி. பிரதி என்றால் வாசிக்கப்படுவது என்ற அர்த்தம் இரண்டிலும் தொலைந்துவிடுகிறது.

மூன்றாவதாக ஒரு வழியை எங்கள் ஊரில் பிறந்தவர் ஒருவர் நடந்தே காட்டினார். 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, 2000 பிரதிக்குமேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே அறிவித்தார். உபரியை மறுக்கிற அறிவிப்பாக இன்று அதை வாசிக்கத் தோன்றுகிறது. (அந்த எண்ணை அவர் எட்டவேயில்லை என்பது வேறு விஷயம்.) 1970 வரை 119 இதழ்கள். பதிப்பித்த புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக, ஊர் ஊராகப் போய் விற்றார். நஷ்டம் முழுக்க அவர் வீட்டுக் கணக்கில். அவர் விமர்சன முறையோடு எனக்குச் சண்டையுண்டு. ஆனால் புத்தகம் வாசகனிடம் போய்ச் சேர்வதை விமர்சன வேலையின் ஒரு பகுதியாக அவரளவுக்கு எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. இந்தத் தியாகத்தைப் புல்லரித்துப் பேசுவதும் ஒரு தப்பித்தல்தான். ஒரு மொழியின் விநியோக அமைப்பை ஒரு மனுஷனின் தோள் தாங்கியது என்றால் அது அந்த மொழிக்கு அவமானம்.

பாரத்தைப் பொதுவில் ஏற்றிவைக்க வழியில்லாமலில்லை. 1948 நூலகச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் என்ன வாங்கப்படுகிறது என்று உள்ளூர் நூலகத்தில் போய்க் கேட்கிறவர் எத்தனை பேர்? அடுத்தது தபால். பதிவுப் புத்தக அஞ்சல் என்ற சலுகையை 2024 டிசம்பரில் அஞ்சல்துறை சத்தமில்லாமல் நிறுத்தியது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று வேறொன்று வந்தது, உள்நாட்டுக்கு மட்டும். துபாய் நண்பருக்கு அதனால் பிரயோஜனமில்லை. பருவ இதழ்கள் அதில் சேராது. இந்த இதழும்தான்.