களவும் அலரும்: ஓர் அயர்லாந்து நாவல்

காதலர் இருவர், ஒருவர் செல்வர் வீட்டுப் பிள்ளை, மற்றவர் ஏழை வீட்டுப் பிள்ளை. இவ்வடிப்படையில் எழுந்த கதைகள் உலக மொழிகளில் எண்ணில. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தடை வெளியிலிருந்து வரும். தந்தை சீறுவார், தாய் கண்ணீர் வடிப்பார், இறுதியில் காதல் வெல்லும், அல்லது காதலர் மாள்வர். அத்தகைய வெளித்தடை எதுவும் இல்லாதபோது குடும்ப வேற்றுமை காதலரை என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேடும் நாவல் ஒன்றைத் தமிழாசிரியர்களின் கருத்துக்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாலி ரூனி, 1991இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிறந்தவர். அவருடைய இரண்டாம் நாவலாகிய 'நார்மல் பீப்பிள்' 2018இல் வெளிவந்தது. 'இயல்பான மனிதர்கள்' எனத் தமிழில் சொல்லலாம். அவ்வாண்டுக்குரிய கோஸ்டா நாவல் பரிசைப் பெற்றது. 2020இல் 12 பகுதிகளாகத் தொலைக்காட்சியிலும் வந்தது. பள்ளியைக் கடந்து, வாழ்வில் இன்னும் கால் ஊன்றாத இளையோரின் காதற்கதைகளை ஆங்கிலப் பதிப்புலகம் 'நியூ அடல்ட்' எனத் தனி வகையாகப் பேசுகிறது. இந்நாவலும் அவ்வயதினரைப் பற்றியதே. ஆயினும் பொழுதுபோக்கோடு நின்றுவிடவில்லை.

இரு வீடுகள்

கதை 2011 சனவரியில், ஸ்லைகோ மாவட்டத்துக் கற்பனைச் சிற்றூரான கேரிக்லீயில் தொடங்குகிறது. மேரியான் பெரிய வீட்டுப் பெண், தாய் வழக்கறிஞர், தந்தை மறைந்துவிட்டார். அவ்வீட்டைத் துப்புரவு செய்பவர் லொரெய்ன். அவருடைய மகன் கானெல், தாயை அழைத்துப்போக வந்து அவ்வீட்டின் மணியை அடிக்கிறான். மேரியான் கதவைத் திறக்கிறாள். நாவலின் முதற்காட்சி இதுவே. கதவைத் திறப்பவள் ஒரு குடி, வாசலில் நிற்பவன் ஒரு குடி என்பதை ஆசிரியை விளக்கிச் சொல்லவில்லை. அந்த வாசலே சொல்லிவிடுகிறது.

ஆனால் பணம் எங்கே இருக்கிறதோ அங்கே அன்பு இல்லை. மேரியானின் தாய் கல் நெஞ்சினர். அண்ணன் ஆலன் அவளை இழித்துரைப்பவன், கை நீட்டவும் தயங்காதவன். பதின்ம வயதிலேயே தாயாகித் தனியே மகனை வளர்த்த லொரெய்னின் சிறு வீட்டிலோ சிரிப்பும் நேர்மையும் குடியிருக்கின்றன. ஆக, இருவரிடமும் ஒவ்வொரு வறுமை உண்டு. இந்த இரட்டைத் துலாக்கோலே நாவலின் வலிமை.

மறைத்ததன் விலை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்குரிய பத்துப் பொருத்தங்களைத் தொகுத்துரைக்கிறார். அவற்றுள் பிறப்பு, குடிமை, திரு ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் கானெலும் மேரியானும் பொருந்தார். உணர்வு என்னும் பொருத்தம் மட்டும் அவர்களிடையே நிறைந்திருக்கிறது. நூல்களைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் ஒருவரோடொருவர் பேசுவதுபோல அவர்கள் வேறெவரோடும் பேசுவதில்லை. ஆகவே காதல் பிறக்கிறது, களவாகவே நடக்கிறது.

ஏன் களவு? பள்ளியில் நிலைமை தலைகீழ். ஏழை வீட்டுக் கானெல் பந்தாட்ட வீரன், எல்லார்க்கும் வேண்டியவன். செல்வ வீட்டு மேரியான் தோழியர் அற்றவள், கேலிக்குரியவள். அவளோடு தன்னைக் கண்டால் ஊர் என்ன சொல்லும் என அவன் அஞ்சுகிறான். பள்ளியிறுதி விருந்துக்கு வேறொரு பெண்ணை அழைக்கிறான். மேரியான் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். செய்தியறிந்த லொரெய்ன் மகனுடைய செயலுக்கு வெட்கி, அவன் ஓட்டிய காரிலிருந்து இறங்கிப் பேருந்தில் வீடு செல்கிறார். நாவலின் அறக்குரல் ஒலிப்பது துப்புரவுத் தொழிலாளியான இந்தத் தாயின் வாயிலிருந்துதான் என்பது கருதத்தக்கது.

சங்கப் பாடல்களில் அலர் காதலரை வருத்தினாலும், வரைவுக்கு அவர்களை உந்தவும் செய்யும். இங்கே நேர்வது வேறு. எல்லாம் முடிந்தபின், அச்செய்தி தோழர்க்கு முன்பே தெரியும் என்றும், எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை என்றும் கானெல் அறிகிறான். எழாத அலருக்கு அஞ்சி ஒரு பெண்ணின் மனத்தை முறித்துவிட்டான்! இந்நாவலில் என்னை மிகவும் வாட்டிய இடம் இது.

கேளாத கேள்வி

பின்னர் இருவரும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்கின்றனர். அங்கே தட்டு மாறுகிறது. மேரியான் செல்வர் கூட்டத்தில் இயல்பாகப் பழகுகிறாள். கானெல் தன் உடையாலும் பேச்சாலும் அயலானாகிறான். மீண்டும் கூடுகின்றனர். கோடைகாலத்தில் அவனுடைய உணவக வேலை குறைகிறது. வாடகை கொடுக்க வழியில்லை. அவளோ வாடகை இல்லாத வீட்டில் வாழ்கிறாள். "சில மாதம் உன் வீட்டில் தங்கலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அவன் கேட்கவில்லை, ஊருக்குப் போவதாக மட்டும் சொல்கிறான். தன்னை விட்டுப் போகவே விரும்புகிறான் என அவள் எண்ணிக்கொள்கிறாள். பிரிவு நிகழ்கிறது. பகைவன் எவனும் இல்லை. சூழ்ச்சி எதுவும் இல்லை. ஒரு கேள்வி தொண்டையில் நின்றுவிட்டது, அவ்வளவே.

'இது நம்பத் தகுந்ததா? அன்புடையவளிடம் கேட்க என்ன கூச்சம்?' என நண்பர் ஒருவர் வினவினார். நான் நம்புகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இருந்தபோது, என் தாயார் என்ன செய்கிறார் என்று உடன்பயின்றவர் கேட்டதற்கு, 'வீட்டில் இருக்கிறார்' என்று விடையளித்தவன் நான். அவர் அவ்வேளையில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூலியில்தான் எனக்குப் பணம் வந்தது. இன்றும் என் பள்ளியில், பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டுப் படிவத்தைத் தரும் பிள்ளைகள் உண்டு. கானெலின் ஊமைத்தனம் எனக்குப் புதிதன்று.

உபகாரச் சம்பளம்

ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி இன்னொன்று. டிரினிட்டியில் கடும் தேர்வொன்றின்வழி உபகாரச் சம்பள மாணவர் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். கட்டணம் இல்லை, தங்குமிடமும் இரவுணவும் இலவசம். இருவருமே தேர்வு பெறுகின்றனர். மேரியானுக்கு அது தன் அறிவுக்குக் கிடைத்த சான்று. கானெலுக்கோ வாழ்வே மாறுகிறது: வாடகைக் கவலை ஒழிகிறது, ஐரோப்பிய நகரங்களைக் காணவும் முடிகிறது. ஒரே பரிசு இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பொருள் தருவதை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

2008இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியின் நிழலும் கதையில் படர்ந்துள்ளது. கேரிக்லீயில் கட்டி முடியாமல் ஆளற்றுக் கிடக்கும் வீட்டு வரிசையொன்றுக்குக் காதலர் செல்கின்றனர். விற்க முடியாவிட்டால் இல்லாதவர்க்குக் கொடுத்துவிடக் கூடாதா என்கிறாள் மேரியான். வீட்டின் அருமையை அறியாதவள் கேட்கும் கேள்வியாயினும், அதில் நியாயம் இருக்கிறது.

குறைகள்

குறைகளும் உள. மேரியானின் தாயும் அண்ணனும் முழுக் கருமையில் தீட்டப்பட்டுள்ளனர். அவர்களுடைய கொடுமைக்குரிய காரணம் போதிய அளவு விளக்கப்படவில்லை. எவருடைய உழைப்பில் கதை தொடங்கியதோ அந்த லொரெய்ன் பிற்பகுதியில் மெல்லப் பின்னே தள்ளப்படுகிறார். அவருடைய முதுகு வலியையும் மாதச் செலவையும் நாம் அறிய முடிவதில்லை. மேற்கோட்குறியின்றி உரையாடலை எழுதும் முறை முதலில் தடுமாற்றம் தரும். காமக் காட்சிகள் வெளிப்படையானவை. ஆகவே பள்ளி மாணவர்க்குரிய நூலன்று. வயது வந்தோரும் ஆசிரியரும் படிக்கலாம்.

முடிவு

2015இல் நியூயார்க்கில் எழுத்துக்கலை பயிலும் வாய்ப்புக் கானெலுக்குக் கிட்டுகிறது. அதற்கு விண்ணப்பித்ததையும் அவளிடம் சொல்லாமலே இருந்திருக்கிறான்! பழைய நோய் தீரவில்லை. ஆயினும் இம்முறை இருவரும் அமர்ந்து பேசுகின்றனர். போய் வருமாறு மேரியான் சொல்கிறாள். தான் இங்கேயே இருப்பதாகவும் சொல்கிறாள். மணமும் இல்லை, மரணமும் இல்லை. சிலர்க்கு இது முடிவாகவே தோன்றாது. நான்கு ஆண்டுகளாகத் தொண்டையில் நின்ற சொல் வெளியே வந்துவிட்டது என்பதால், எனக்கு இது நிறைவான முடிவே.

நம் பிள்ளைகளுக்குத் தேர்வில் வெல்லக் கற்பிக்கிறோம். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கவும் கற்பிக்கிறோம். 'என் தாய் இந்த வேலை செய்கிறார்' என்று தலைநிமிர்ந்து சொல்லவும், இல்லாதபோது வெட்கமின்றிக் கேட்கவும் கற்பிக்கிறோமா? நூலை மூடியபின் என்னை விடாத கேள்வி இது. என் தாயார் இப்போது இல்லை. அடுத்த முறை வெறுமையான படிவம் என் மேசைக்கு வரும்போது, அந்தப் பிள்ளையை அருகில் அமர்த்தி முதலில் என் தாயாரின் தொழிலைச் சொல்வேன்.